வைக்கும் நூலும் நீக்கும் நூலும்

ஒரு நூல்நிலையத்தின் பெருமை அதிலுள்ள நூல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இருபதாயிரம் நூல்கள் உள்ள இடத்தைவிட ஐம்பதாயிரம் உள்ள இடம் சிறந்தது. இலட்சம் இருந்தால் அதனினும் சிறந்தது. இவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. ஆனால் பாதி உண்மையே. எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எது இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எவ்வழியாக வந்து சேர்ந்தது, கேட்பவர் கைக்கு எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்னும் நான்கு வினாக்களும் உள்ளன. இவற்றிற்கு விடை கூற இயலாத இடத்தை நூல்நிலையம் என்பதைவிட நூற்கிடங்கு என்பதே பொருந்தும்.

இப்பொருளைப் பற்றி இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. நம் சங்க அறையில் இரண்டு மர அலமாரிகள் இருப்பதை எல்லோரும் அறிவோம். ஏறத்தாழ 400 நூல்களும், கட்டிப்போட்ட பழைய மலர்களும், அறிக்கைகளும் அவற்றில் உள்ளன. சென்ற பொதுக்கூட்டத்தில் இட நெருக்கடியைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது மூன்று கருத்துகள் வந்தன. ஒன்றையும் தொடக்கூடாது என்றனர் சிலர். எல்லாவற்றையும் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டுத் தாளை எடைக்குப் போடலாம் என்றனர் சிலர். பெரிய நூல்நிலையம் ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றனர் வேறு சிலர். மூன்றும் நல்லெண்ணத்தோடு கூறப்பட்டவை. ஆயினும் முடிவு செய்யுமுன், உலகின் நூல்நிலையங்கள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்று அறிந்துகொள்வது நமக்குப் பயன்படும். ஒரு முறை எடைக்குப் போன நூல் திரும்பி வருவதில்லை.

இரு வகை நூல்நிலையங்கள்

காளிகாட்டிலிருந்து ஆதிகங்கை வாய்க்காலைக் கடந்து மேற்கே சென்றால் அலிப்பூர். அங்கே பெல்வெடர் தோட்டத்தில் இருக்கிறது இந்திய நாட்டின் தேசிய நூலகம். நம்மில் பலர் தேர்வுக் காலத்தில் அதன் படிப்பறையின் அமைதியை நாடிச் செல்கிறோம். ஆனால் அந்த நூலகத்தின் பிறப்பை அறிந்தவர் சிலரே.

1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கும்பினி ஆட்சியின் இளம் அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்பித்த கல்லூரி அது. 1836இல் கல்கத்தா பொது நூல்நிலையம் தொடங்கப்பட்டபோது, அக்கல்லூரி நூல்நிலையத்திலிருந்து 4,675 நூல்களை மெட்காஃப் அதற்கு அளித்தார். 1891இல் அரசுச் செயலகங்களின் நூல்நிலையங்கள் சிலவற்றை ஒன்றாக்கி இம்பீரியல் நூல்நிலையம் அமைக்கப்பட்டது. கர்சன் பிரபு இவ்விரண்டையும் இணைத்து, 1903 சனவரி 30 அன்று மெட்காஃப் மாளிகையில் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். விடுதலைக்குப்பின் 1948இல் அதன் பெயர் தேசிய நூலகம் என மாற்றப்பட்டது. 1953 பிப்ரவரி 1 அன்று பெல்வெடரில் மௌலானா ஆசாத் அதனைத் திறந்துவைத்தார். இன்று அங்கே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இந்த நூலகத்திற்கு ஒரு தனித்த கடமையைத் தந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும், வெளியான 30 நாளுக்குள், பதிப்பாளர் தம் செலவில் இங்கே அனுப்புதல் வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அவ்வாறே அனுப்புதல் வேண்டும். இவை ஒப்படைப்பு நூலகங்கள். நல்ல நூல், தீய நூல் என்று தரம் பிரிப்பது இவற்றின் வேலையன்று. ஒரு காலத்தின் எழுத்து முழுவதையும் பின்வருவோருக்காக வைத்துக் காப்பதே வேலை. ஆகவே இவை களையெடுப்பதற்கு இடமில்லை.

கல்லூரி நூல்நிலையமும், ஊர்ப்புற நூல்நிலையமும், நம் சங்க அலமாரியும் வேறு வகை. இவை பயன்பாட்டு நூலகங்கள். இங்கே இடம் சிறிது. வாசகர் தேவை மாறிக்கொண்டே வருவது. நூல்நிலையவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழியில் பிறந்த ச. இரா. அரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது, நூலகத்தை வளரும் உயிருக்கு ஒப்பிடுவது. குழந்தையின் வளர்ச்சி வேறு. வளர்ந்தவரின் வளர்ச்சி வேறு. குழந்தை உருவில் பெருகும். வளர்ந்தவர் உடலிலோ பழைய உயிரணுக்கள் கழிந்து புதியவை தோன்றும்; உருவம் பெருகாமலே உயிர் தொடரும். சிறு நூலகத்திற்கு இந்த இரண்டாம் வகை வளர்ச்சியே உரியது. ‘ஒன்றையும் தொடக்கூடாது’ என்னும் முதற் கருத்துக்கு இதுவே விடை.

களையெடுக்கும் முறை

பயிரிடுபவன் களையெடுக்கும்போது பயிர் எது, களை எது என்று அறிந்தே கைவைக்கிறான். நூலகருக்கும் அவ்வறிவு வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகம் 1976இல் வெளியிட்ட களையெடுப்பு முறை இன்றளவும் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அது நூலகர் கேட்க வேண்டியவை என ஆறு வினாக்களைத் தருகிறது. நூலின் செய்தி இன்று தவறாகி வாசகரைத் திசைதிருப்புகிறதா? சரிசெய்ய முடியாதவாறு சிதைந்துவிட்டதா? இதைவிடத் திருந்திய பதிப்பு வந்துவிட்டதா? எடுத்துக்கொண்ட பொருளில் சாரமற்றதா? இந்நூலகத்து வாசகருக்குத் தொடர்பற்றதா? வேறிடத்தில் எளிதாகக் கிடைக்குமா?

இவற்றுள் ஆறாவது வினாவே உயிர்நிலையானது என்பது என் கருத்து. முதல் ஐந்தும் நூலைப் பார்த்தால் விளங்கும். ஆறாவதற்கு விடை காண, நூலை மூடிவைத்துவிட்டுப் பிற நூலகங்களின் பட்டியலைத் தேடுதல் வேண்டும். அந்தத் தேடலைச் செய்யாத களையெடுப்பு வெறும் குப்பை அகற்றல்.

நம் நாட்டில் நூலகர் பலர் களையெடுக்கத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நூல்நிலையத்து நூல் அரசுக் கணக்கில் ஒரு பொருள். குறைந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் நூலகர். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, 20,000 நூலுக்கு மேற்படாத நூலகம் ஆண்டுதோறும் இருப்பு முழுவதையும் சரிபார்க்க வேண்டும். 50,000 வரை உள்ளது மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் சரிபார்க்க வேண்டும். வாசகர் எடுத்தும் பார்த்தும் பயன்படுத்திய ஒவ்வோர் 1,000 நூலுக்கும் ஆண்டில் 5 நூல் வரை குறைவது, நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராதவிடத்து, இயல்பான இழப்பாகக் கொள்ளப்படும். ஆனால் அரிய நூல் ஒன்று குறைந்தால், அதன் விலை எதுவாயினும், விசாரணை உண்டு. இவ்விதிகள் நூலகரை அச்சுறுத்த எழுந்தவையல்ல. அரிது எது, எளிது எது எனப் பிரித்தறிய வேண்டும் என்னும் அறிவு அவற்றிலேயே அமைந்திருக்கிறது. பிரித்தறியாமல் எல்லாவற்றையும் பூட்டிவைப்பதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

பிரித்தறியாமல் எல்லாவற்றையும் அழித்த வழக்கமும் நம்மிடம் இருந்தது. பனையோலைக்கு வாழ்நாள் உண்டு. ஏடு நைந்தால் புதிய ஏட்டில் படியெடுத்துவிட்டுப் பழையதை நீக்குவது முன்னோர் கண்ட முறை. படியெடுக்கும் பழக்கம் நின்றது. நீக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் காலத்துச் சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்றுத் தேடிச் சென்றார் உ. வே. சாமிநாதையர். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்ற மறுமொழியே அவருக்குக் கிடைத்தது. அதை அவர் எவ்வளவு வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறார் என்பதைப் படித்தவர் மறவார். ஏட்டைத் தீயிலிட்டவர்களுக்குப் பகைமை இல்லை, பக்தியே இருந்தது. ‘இதற்கு வேறு படி உண்டா?’ என்ற ஆறாவது வினா ஒன்றுதான் இல்லை.

எது குப்பை?

இவ்விடத்தில் நாம் வாழும் காளிகாட்டே நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளி கோயிலைச் சுற்றியிருந்த கடைகளில், பட்டுவாக்கள் என்னும் ஓவியர்கள் வரைந்த படங்கள் யாத்திரிகர்களுக்குச் சில காசுகளுக்கு விற்கப்பட்டன. ஆலைத் தாளில் விரைந்து தீட்டிய படங்கள் அவை. தெய்வங்களோடு, தாம்பூலம் தரித்த பாபுவும் மீனைக் கவ்விய பூனையும் அவற்றில் இடம்பெற்றன. அச்சுப் படங்கள் மலிந்ததும் அத்தொழில் நலிந்தது. கற்றோர் அவற்றைக் கலை என்று மதிக்கவில்லை. வீட்டிலும் அவை நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று அவற்றின் மிகப் பெரிய தொகுதி இலண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒரு பகுதி லாக்வுட் கிப்ளிங் திரட்டியது. அவர் மகன் ருட்யார்டு கிப்ளிங் 1917இல் அங்கே அளித்தது. காளிகாட்டின் படத்தைக் காணக் கடல் கடக்க வேண்டிய நிலை எவ்வாறு வந்தது? உள்ளூரார் மலிவு என்று விட்டதை வெளியூரார் ஒருவர் எடுத்துவைத்ததனால்.

தமிழ்நாட்டில் இத்தகைய பணியைத் தமிழர் ஒருவரே செய்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பு, பாட்டுப் புத்தகம், சமையற் குறிப்பு முதலியவற்றையும் தம் வாழ்நாள் முழுதும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைத்து, நுண்படச் சுருளில் படியெடுத்துக் காக்க வழிசெய்தது. இன்று நாடக வரலாறோ, அச்சு வரலாறோ எழுதப் புகுபவர் அந்த நோட்டீசுகளைப் பாராமல் எழுத முடியாது.

இதிலிருந்து நாம் பெறும் விதி ஒன்று உண்டு: மதிப்பு வேறு, அரிது வேறு. தங்க எழுத்துப் பொறித்த உறையோடு நம் அலமாரியின் மேல்தட்டில் நிற்கும் இலக்கியப் பதிப்புகள் மதிப்பு மிக்கவை. ஆனால் எந்த ஊரிலும் கிடைப்பவை. கீழ்த்தட்டில் கயிற்றால் கட்டிப்போட்டிருக்கும் பழைய சங்க மலர்கள், கூட்ட அழைப்புகள், வரவுசெலவுக் குறிப்பேடுகள் ஆகியவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை எந்த ஒப்படைப்பு நூலகத்திற்கும் அனுப்பப்பட்டவையல்ல. இந்நகரத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் எவ்வூரிலிருந்து வந்தனர், எதைப் பேசினர், எதற்குப் பணம் திரட்டினர் என்பதற்கு அவையே சான்று. மேல்தட்டு எரிந்தால் நாம் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். கீழ்த்தட்டு எரிந்தால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இட நெருக்கடி என்றவுடன் நம் கை முதலில் கீழ்த்தட்டை நோக்கியே செல்கிறது என்பதை நினைவில் வைப்போம்.

நூல் வந்த வழி

நூல் என்ன கூறுகிறது என்பது ஒரு வரலாறு. நூல் யார் யார் கை மாறி வந்தது என்பது மற்றொரு வரலாறு. இந்த இரண்டாவதை ஆராய்வது இன்று தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. இதற்குக் கல்கத்தாவைவிடச் சிறந்த களம் அரிது.

1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் நூல்நிலையமும் கும்பினியார் கையில் சிக்கியது. ஏறத்தாழ 2,000 சுவடிகள் கொண்ட அதன் பெரும்பகுதி கல்கத்தா வந்து வில்லியம் கோட்டைக் கல்லூரியில் சேர்ந்தது. ஒரு பகுதி இலண்டன் சென்றது. ஒரு பகுதி இந்நகரத்து ஆசியக் கழகத்தில் தங்கியது. அக்கல்லூரியில் பணியாற்றிய சார்லசு ஸ்டூவர்ட் 1809இல் அதற்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவர் தரும் செய்தி கருதத்தக்கது. அந்நூல்களுள் மிகச் சிலவே திப்புவும் அவர் தந்தையும் விலைக்கு வாங்கியவை. மற்றவை சாவனூர், கடப்பை, கர்நாடகப் பகுதிகளிலிருந்து கொள்ளையாக வந்தவை என்கிறார். கொள்ளையில் வந்ததே மீண்டும் கொள்ளை போயிற்று என்பது இதனால் புலனாகிறது. இவ்வாறு கூற ஆங்கிலேயருக்குத் தம் செயலை நியாயப்படுத்தும் நோக்கமும் இருந்திருக்கலாம். ஆகவே அவர் சொல்லை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு சுவடியிலும் உள்ள முத்திரையையும் கையெழுத்தையும் கொண்டே உண்மையைத் துணிதல் வேண்டும். நூல் வந்த வழியை ஆராய்வோர் செய்வது இதுவே.

தமிழருக்கு இன்னும் நெருங்கிய சான்று காலின் மெக்கன்சியின் தொகுதி. 1783இல் சென்னைக்கு வந்த அவர் நில அளவைத் தொழிலோடு ஏடுகள், கல்வெட்டுப் படிகள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றைத் தென்னாடு முழுவதும் திரட்டினார். காவலி வெங்கட போரையா முதலிய இந்தியத் துணைவர்களின் உழைப்பே அதற்கு அடிப்படை. 1815இல் அவர் இந்தியாவின் தலைமை நில அளவையாளரானார்; தொகுதியும் அவரோடு கல்கத்தா வந்தது. 1821இல் அவர் இங்கே இறந்தார். பார்க் தெருவின் தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் மனைவியிடமிருந்து ஓர் இலட்சம் ரூபாய்க்கு அரசு தொகுதியை வாங்கியது. 1828இல் எச். எச். வில்சன் இங்கே வெளியிட்ட பட்டியல், 1,568 சுவடிகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் அதில் இருந்ததாகக் காட்டுகிறது. பின் ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திற்கு அவையே கருவாயின. தஞ்சையிலோ நெல்லையிலோ எழுதப்பட்ட ஓர் ஏடு, கங்கைக் கரையைக் கண்டு மீண்டும் சென்னை சேர்ந்த வரலாறு இது. அவ்வேட்டின் பட்டியலில் ‘மெக்கன்சி தொகுதி’ என்னும் இரண்டு சொற்கள் இல்லாவிடின் இவ்வரலாறு முழுவதும் மறைந்திருக்கும்.

ஓரிடத்தில் களைந்தது வேறிடத்தில் விதையாகும் என்பதற்கும் சான்றுண்டு. கும்பினி அதிகாரிகள் பயின்ற இங்கிலாந்தின் ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகையென்று ஒதுக்கிய நூற்றுக்கணக்கான நூல்கள் சென்னைக்கு வந்தன. அருங்காட்சியகத்தின் ஒரு மூலையில் அவற்றைக் கொண்டு 1860களில் தோன்றிய சிறு நூல்நிலையமே, 1896இல் கன்னிமாரா பொது நூல்நிலையமாகத் திறக்கப்பட்டது. நீக்கிய நூலை எங்கே அனுப்புவது என்பதும் நீக்குவோர் பொறுப்பே.

நூல் வந்த வழியைக் காட்டும் சான்றுகளை அறிவது கடினமன்று. உட்பக்க முத்திரை, பெயர்ச்சீட்டு, சேர்க்கை எண், கையொப்பம், அன்பளிப்பு வாசகம், ஓரக் குறிப்பு, விற்ற கடையின் சிறு ஒட்டுச்சீட்டு ஆகியவை அவை. ஓலைச்சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும், நாளும், யாருக்காக எழுதியது என்பதும் வருதலுண்டு. தஞ்சை சரசுவதி மகாலில் உள்ள ஆங்கில நூல்கள் சிலவற்றை இரண்டாம் சரபோசி மன்னரின் கையொப்பமே அவர் படித்த நூல் என்று அடையாளம் காட்டுகிறது. செர்மனி நாட்டு நூலகங்கள் இன்று அலமாரி அலமாரியாக இத்தகைய முத்திரைகளைத் தேடிவருகின்றன. நாசிகள் யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த நூல்களை இனங்கண்டு, உரியவரின் வழித்தோன்றல்களிடம் சேர்ப்பதற்காகவே இத்தேடல். அங்கே ஒரு மங்கிய கையொப்பம் நீதிக்குச் சான்றாகிறது.

நமக்கும் இதில் நாள்தோறும் படிப்பினை உண்டு. கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஏதேனும் ஒரு நூல்நிலையத்தின் முத்திரை தாங்கிய நூல்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அது முறையாக நீக்கப்பட்டு வந்ததா, களவில் வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? ‘நீக்கப்பட்டது’ என்னும் முத்திரையும் நாளும் இருந்தால் ஐயமில்லை. நூலை நீக்கும் ஒவ்வொரு நிலையமும் இந்தச் சிறு கடமையைச் செய்தால், வாங்குபவர் மனமும் தூய்மையாக இருக்கும். திருடுபவர் வழியும் அடையும்.

தாளும் மின்படியும்

வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இனித் தாளைப் பற்றிச் சில சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தாள், கந்தைத் துணிக்கு மாறாக மரக்கூழிலிருந்து செய்யப்படலாயிற்று. மை பரவாதிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தனர். ஈரம் பட்டால் படிகாரம் அமிலத்தைத் தோற்றுவிக்கும். அவ்வமிலம் தாளின் செல்லுலோசு என்னும் நீண்ட சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கும். மரக்கூழிலுள்ள லிக்னின் ஒளியாலும் காற்றாலும் பழுப்பேறும். எனவேதான் கந்தைத் தாளில் அச்சிட்ட பழைய நூல் நன்றாக இருக்க, அதற்கு நூறாண்டு பிற்பட்ட நூல் தொட்டால் பொடியாகிறது. கொல்கத்தாவின் ஈரக்காற்று இவ்வினையை ஊக்குவிக்கிறது. பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் துணைக்கு வருகின்றன. கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டும் நம் பழக்கமும் தீங்கே. அதன் பசை நாளடைவில் தாளில் ஊறிக் கறையாகும்.

ஆகவே படியெடுத்தல் இன்றியமையாதது. ஆனால் அதன் அளவை உணர்ந்து இறங்க வேண்டும். 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 400 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால், 2,400க்கு 3,600, அதாவது 86,40,000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 26 மெகாபைட்டு. 200 பக்க நூலுக்கு 5 கிகாபைட்டுக்கு மேல். நம் 400 நூலுக்கு 2,000 கிகாபைட்டு. ஒரு வன்தட்டில் அடங்கிவிடும். ஆனால் வன்தட்டும் அழியும் பொருளே. மற்றொரு படி வேறிடத்தில் இருத்தல் வேண்டும். சில ஆண்டுக்கு ஒரு முறை புதிய தட்டுக்கு மாற்றுதல் வேண்டும். ஏட்டைப் படியெடுத்த முன்னோரின் கடமை உருமாறி நம்மிடம் வந்திருக்கிறது.

படமெடுத்துவிட்டுத் தாளை வீசலாமா? அமெரிக்க நூலகங்கள் பல அவ்வாறே செய்தன. பழைய நாளிதழ்த் தொகுதிகளை நுண்படச் சுருளாக்கிவிட்டு மூலத்தைக் கழித்தன. பின்னர் பார்த்தபோது சுருளில் பக்கங்கள் விடுபட்டிருந்தன, எழுத்து மங்கியிருந்தது, வண்ணப் படங்கள் கறுப்பாகியிருந்தன. 1999இல் பிரிட்டிசு நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்களை விற்க முற்பட்டபோது, நிக்கல்சன் பேக்கர் என்னும் எழுத்தாளர் தம் பொருளைச் செலவிட்டுப் பலவற்றை வாங்கிக் காத்தார். 2001இல் இதைப் பற்றி நூலும் எழுதினார். 2004இல் அத்தொகுதி டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மின்னூலகத் திட்டம் இலட்சக்கணக்கான நூல்களைப் படமெடுத்தது. அரும்பணி அது, தமிழ் நூல்களும் ஏராளமாகப் படியாயின. ஆனால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் உரோமன் எழுத்தில் பிழைபடப் பதிவானமையால், இருந்தும் பல நூல்கள் தேடுவோருக்குக் கிட்டவில்லை. அத்தளம் பின்னர் மூடப்பட்டது. படிகள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் வாழ்கின்றன. நன்றாக எடுத்த படத்திற்குத் தவறான பெயரிட்டால் அது தொலைந்த நூலே. மேலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் ணை, லை, றா முதலியன வேறு வடிவில் உள்ளன. கணிப்பொறி அவற்றைத் தவறாகப் படிப்பதுண்டு. எனவே மனிதர் கண்ணால் மெய்ப்புப் பார்த்தல் தவிர்க்க முடியாதது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைவுக்குப்பின் 50 ஆண்டு உரிமை என்றது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு அக்காலம் முடிந்த வேளையில், 1992இல் அது 60 ஆண்டாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாடோ வேறு வழி கண்டது. பாரதியாரின் நூல்கள் 1949இல் நாட்டுடைமையாயின. பின் அறிஞர் பலரின் நூல்களும் அவ்வாறே ஆயின. உரிமை நீங்காத நூலையும், தன்னிடம் அச்சுப்படி உள்ள வணிக நோக்கமற்ற பொது நூலகம், பாதுகாப்பின் பொருட்டு மின்படியாக வைத்துக்கொள்ள 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. அச்சுப்படி உள்ள நூலகம் என்னும் சொற்களைக் கவனிக்க. உலகுக்கெல்லாம் பரப்ப அது இடம் தரவில்லை.

ஆனால் மின்படி வேண்டுவதே இல்லை என்போர் யாழ்ப்பாணத்தை நினைக்க வேண்டும். 1981 சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை அவற்றுள் இருந்தன. கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். அவ்வேடுகளை எழுப்ப முடியவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து மின்னூலகத் திட்டம் அந்த வடுவிலிருந்து பிறந்த முயற்சி என்றே கொள்ளலாம். மூலமும் வேண்டும், படியும் வேண்டும், இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருத்தல் கூடாது.

நாம் செய்ய வேண்டுவது

மூன்றாம் கருத்தாகிய மொத்தமாகக் கொடுத்துவிடுதலும் எளிதன்று. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளையின் நூல்களும் சுவடிகளும் தேசிய நூலகத்தில் தனித் தொகுதியாக, அவர் பெயரோடு உள்ளன. அறிஞர் ஒருவர் ஆய்ந்து சேர்த்ததாகையால் அது தனித் தொகுதி எனப் போற்றப்படுகிறது. பட்டியல் இன்றி, வந்த வழி தெரியாமல், மூட்டையாகச் செல்லும் நூல்கள் எந்த நூலகத்திற்கும் சுமையே. அவை மூட்டையாகவே கிடக்கும்.

ஆகவே முதல் வேலை பட்டியல். ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போதும். முதலாவதில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு. இரண்டாவதில் நூலின் நிலை. மூன்றாவதில் முத்திரை, கையொப்பம், அன்பளிப்பு வாசகம் ஆகியவை உள்ளபடியே. நான்காவதில் தேசிய நூலகம், கன்னிமாரா, ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் அது உண்டா என்பது. ஐந்தாவதில் வைக்கலாம், படியெடுக்கலாம், கொடுக்கலாம், நீக்கலாம் என்னும் பரிந்துரை. முடிவு ஒருவர் கையில் இருத்தல் ஆகாது. மூவர் கூடிக் கையொப்பமிடுதல் வேண்டும். நீக்கும் நூலை முதலில் மாணவர்க்கும், பின் பிற தமிழ்ச் சங்கங்களுக்கும் அளித்துப் பார்த்து, எவரும் வேண்டாதபோதே எடைக்குப் போடுக. நீக்கியதற்கு முத்திரை இடுக. பட்டியலை மட்டும் ஒருநாளும் நீக்கற்க.

படியெடுப்பைக் கீழ்த்தட்டிலிருந்து தொடங்குக. சங்க மலர்களும் குறிப்பேடுகளும் முதலில். எங்கும் கிடைக்கும் இலக்கியப் பதிப்புகள் இறுதியில். படம் எடுத்தபின்னும் மூலத்தை அமிலமற்ற தாளுறையில் இட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க.

வேலை மலைப்பானதன்று. ஒரு நூலுக்குப் பத்து நிமிடம் எனக் கொள்வோம். ஒருவர் இருபது நூல் எடுத்துக்கொண்டால் இருநூறு நிமிடம். மூன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. இருபது பேர் முன்வந்தால் 400 நூலும் ஒரு ஞாயிறு காலையில் பட்டியலாகிவிடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் நாம் கருத்துகளை வைத்து வாதிடாமல் பட்டியலை வைத்து முடிவு செய்யலாம். விருப்பமுள்ள தோழர்கள் சங்கச் செயலரிடம் பெயர் தருக. பென்சிலால் மட்டுமே எழுதுதல் வேண்டும், நூலின்மேல் எழுதுதல் கூடாது என்பதையும் நினைவில் கொள்க.